சம்மனசு வராத நாடகம்

மகளை வெட்டிக் கொன்றதால் எனக்குப் பேசி முடிக்கவிருந்த கல்யாணம் நின்றுபோனது. இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள், போலீஸ் வந்ததா என்று கேட்கிறார்கள். வந்தது. இரண்டு கான்ஸ்டபிள்கள் முன்வரிசை பெஞ்சில் ஓசியில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார்கள். நான் வெட்டியது ஒரு தையற்காரரை. அவர் அதற்குப் பிறகும் நெடுங்காலம் தூத்துக்குடியில் சட்டை தைத்துக்கொண்டுதான் இருந்தார். எனக்குத் தைத்ததில் மட்டும் ஒரு கை எப்போதும் நீளமாக இருக்கும்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. நான் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் குமாஸ்தா. நல்ல உயரம், அதைத் தவிர என்னிடம் விசேஷம் ஒன்றும் கிடையாது. அந்த உயரம்தான் என்னைக் கெடுத்தது.

ஹைஸ்கூலுக்கு இங்கிலீஷ் வாத்தியார் ஒருவர் புதிதாக வந்திருந்தார். நாசரேத்துப் பக்கம், தலைமுறை தலைமுறையாக வாத்தியார் வேலை பார்த்த குடும்பம். அவர்கள் வீட்டுக் குழந்தை அழுதால்கூட இலக்கணப் பிழை இல்லாமல் அழும் என்பார்கள். எங்கள் ஊரில் அவருக்கு எல்லாம் பிடித்திருந்தது, ஒரே ஒரு குறை தவிர: இங்கே டிராஜடி இல்லை. ரேஷன் அரிசியில் கல், மண்ணெண்ணெய்க்குக் கியூ, கடலுக்குப் போய்த் திரும்பாத ஆட்கள், இதெல்லாம் அவர் கணக்கில் சேராது. டிராஜடி என்றால் ராஜா வீட்டில் நடக்க வேண்டும். கிரேக்க தேசத்தில் நடந்தால் இன்னும் உத்தமம்.

அவர் ஒரு பழைய கிரேக்க நாடகத்தைத் தமிழ்ப்படுத்தி வைத்திருந்தார். கதை சின்னதுதான். ஒரு ராஜா படையோடு கப்பலேறி யுத்தத்துக்குக் கிளம்புகிறான். காற்று விழுந்துபோகிறது. பாய் தொங்குகிறது, கப்பல்கள் அசையவில்லை. மகளைப் பலி கொடுத்தால் காற்று வரும் என்று பூசாரி சொல்கிறான். ராஜா யோசித்து, புலம்பி, மறுபடி யோசித்து, மகளைக் கல்யாணம் என்று பொய் சொல்லி வரவழைத்து வெட்டிவிடுகிறான். சில புத்தகங்களில் கடைசி நேரத்தில் ஒரு தெய்வம் வந்து பெண்ணைக் காப்பாற்றுவதாக இருக்கிறதாம். அது பிற்காலத்து அசடுகள் சேர்த்தது என்று வாத்தியார் அதை நீக்கிவிட்டார்.

ஹாலில் போடலாமே என்றதற்கு அவர் சிரித்தார். ஐரோப்பாவில் இப்போதெல்லாம் இடிந்த இடங்களில், திறந்த வெளியில்தான் டிராஜடி போடுகிறார்களாம். இடிந்த இடத்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. கடற்கரைச் சாலைக்குப் பின்னால் பழைய பஞ்சு பிரஸ் ஒன்று மூடிக் கிடந்தது. உள்நாட்டுப் பஞ்சை அமுக்கிப் பொதி கட்டி ஒரு காலத்தில் கப்பலுக்கு அனுப்பிய இடம். யுத்தத்தில் இரும்புக்காக மிஷினைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கூரைத் தகரத்தை யார் கொண்டுபோனார்கள் என்பது தெரியாது. அந்தத் தெருவில் அப்புறம் நிறைய வீடுகளுக்கு நல்ல கூரை வந்தது. மிச்சம் நாலு சுவர், ஒரு புகைபோக்கி, பெரிய முற்றம். முற்றத்துக்கு மேலே ஓர் இரும்பு உத்தரம், அதில் பொதி தூக்குகிற கப்பி, சங்கிலி, கொக்கி. ஏணி எட்டாத உயரம் என்பதால் அதைத் திருடர்கள் விட்டுவைத்திருந்தார்கள்.

“என்ன ஒரு பாழ்! என்ன ஒரு கம்பீரம்!” என்று வாத்தியார் முற்றத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். சுவர் வெடிப்பிலிருந்து பஞ்சுத் துணுக்கு பறந்து அவர் மீசையில் ஒட்டியது. எங்களுக்கு அது பாழாகத் தெரியவில்லை. என் சித்தப்பாவுக்கு அங்கே வேலை போனது. அதைக் கம்பீரம் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

ராஜா வேஷம் எனக்கு. மகள் வேஷம் தையற்காரருக்கு. மணிக்கட்டு மெலிசு என்பதற்காக அவரைப் பிடித்தார்கள். ஐந்து பிள்ளை பெற்ற மனிதர். மீசையை எடுக்கச் சொன்ன அன்று அவர் அழுத அழுகையில் பத்தில் ஒரு பங்கு நாடகத்தில் அழுதிருந்தால் வாத்தியார் பிறவிப் பயனை அடைந்திருப்பார்.

இனி என் விஷயம். எங்கள் கோவிலில் பெண்கள் பக்கத்தில் நாலாவது வரிசையில் ஒருத்தி உட்காருவாள். குருத்தோலை ஞாயிறன்று சாமியார் பிரசங்கத்தை நீட்டிக்கொண்டே போக, அவள் கையிலிருந்த குருத்தோலையைக் கிழித்து மடித்து ஒரு மீன் செய்தாள். செதிலெல்லாம் வைத்த மீன். நான் பார்ப்பதைப் பார்த்ததும் மீனை முக்காட்டுக்குள் ஒளித்துக்கொண்டு, உலகத்திலேயே பக்தியான முகம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன். அவளைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. வேறு எதிலும் மனசு போகவில்லை.

அவளுடைய அப்பா ஒரு தண்டல். தோணிக்குக் கேப்டன் மாதிரி. சொந்தத் தோணி, உப்பும் கருப்பட்டியும் ஏற்றிக் கொழும்புக்குப் போய்வருவார். யுத்த காலத்தில் ஸ்டீமர்கள் இல்லாததால் தோணிக்காரர்கள் பாடு கொண்டாட்டமாக இருந்தது. இப்போது ஸ்டீமர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன. என் மாமா அவரிடம் என்னைப் பற்றிப் பேசினார். தண்டல், “பையன நேருல பாக்கணும்” என்றார். மாமா ஒரு மேதாவி. ஆபீஸில் என்னைப் பார்த்தால் பத்தோடு பதினொன்றாகத் தெரிவேன், ராஜா வேஷத்தில் பார்த்தால் எடுப்பாக இருக்கும் என்று கணக்குப் போட்டார். “நாடகத்துல நம்ம பையன்தான் ராசா. குடும்பத்தோட வந்து பாருங்க அண்ணாச்சி” என்று அழைத்துவிட்டு வந்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் கடற்கரைக் கத்தோலிக்க ஜனங்களுக்கு நாடகம் என்றால் வாசாப்பு. புனிதர்களின் கதையைக் கோவில் மைதானத்தில் விடிய விடியப் பாட்டாகப் பாடி நடிப்பது. அதில் சாதாரணமாக ஒரு கொடிய ராஜா இருப்பான். அவன் வேதத்தில் சேர்ந்த மகளையோ மகனையோ வெட்டுவான். வெட்டியவுடன் மேலேயிருந்து கயிற்றில் சம்மனசு, அதாவது தேவதூதன், இறங்கிவந்து, செத்த பிள்ளைக்கு முடிசூட்டி மோட்சத்துக்குக் கூட்டிப்போகும். ராஜா தலையில் இடி விழும். சம்மனசு இறங்காமல் எந்தச் சனமும் பாயைச் சுருட்டாது. வாத்தியாருக்கு இது தெரியாது. அவருடையது புராட்டஸ்டண்டு ஊர்; அங்கே சம்மனசுகள் கயிற்றில் இறங்குவதில்லை, வேதவசனத்தில் மட்டும் வரும்.

நாடகத்தை ஆடி மாசம் பௌர்ணமியில் வைத்தார். நிலா வெளிச்சம் இருந்தால் பெட்ரோமாக்ஸ் குறைவாகப் போதும் என்பது சிக்கனக் கணக்கு. ஆடியில் எங்கள் ஊரில் கச்சான் காற்று அடிக்கும். மேற்கேயிருந்து மணலை வாரிக்கொண்டு வந்து கண்ணில், சோற்றில், கணக்குப் பேரேட்டில் எல்லாம் போடும். தோணிகளெல்லாம் ஓட்டம் நிறுத்திக் கரையேறிக் கிடக்கும். காற்றே இல்லை என்று அழுகிற நாடகத்தைக் கச்சானில் வைக்கிறோமே சார்வாள் என்று நான் கேட்டேன். “டிராஜடிக்குக் காற்று வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது” என்றார் அவர். எனக்குப் புரியவில்லை. புரியாததால் ஆழமான விஷயம் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்.

கூட்டம் சொல்லி மாளாது. தோணிகள் ஓடாத மாசம். துறைமுகமே குடும்பத்தோடு வந்துவிட்டது. பாய், தலையணை, கைக்குழந்தை, பொரிகடலை, தூக்குச்சட்டியில் சோறு, எல்லாம் விடியும்வரைக்கும் போதுகிற அளவில் வந்து இறங்கின. முன்னால் தண்டல், வெள்ளை வேட்டியில், தோளில் துண்டு. பெண்கள் பக்கத்தில் அவள். வந்து உட்கார்ந்ததும் அத்தனை பேரும் முதலில் அண்ணாந்து பார்த்தார்கள். உத்தரம், கப்பி, சங்கிலி. “பெரிய ஏற்பாடாத்தான் செஞ்சிருக்காங்க. சம்மனசு அங்கனருந்துதான் எறங்குது” என்று பின்னால் ஒருவர் தன் சம்சாரத்துக்கு விளக்கியது மேடைக்கே கேட்டது.

நான் மேடைக்கு வந்தேன். கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, “அந்தோ! ஒரு சிற்றிலையும் அசையவில்லையே!” என்றேன். அதே நேரம் கச்சான் என் சால்வையைத் தூக்கி முகத்தில் போட்டது. சால்வைக்குள்ளிருந்தே, “கடல் கண்ணாடியாய்க் கிடக்கிறதே!” என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்தது.

“காத்து இல்லையாம்லே!” என்று தோணிக்காரர்கள் பக்கத்தில் ஒரு குரல்.

“ராசாவே, எங்க தோணிய எல்லாம் கரையேத்திப் போட்டதே இந்தக் காத்துதான். கொஞ்சம் எடுத்துட்டுப் போரும்.”

வாத்தியார் ஓரத்தில் நின்று உதட்டில் விரல் வைத்தார். அந்த விரலிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. பூசாரி தன் தாடியைத் துரத்திக்கொண்டு போய்விட்டதால் அவன் வசனத்தையும் நானே பேசினேன்: மகளைக் கொடுத்தால் காற்று வருமா என்று நானே கேட்டு, வரும் என்று நானே சொன்னேன். அப்போது தண்டல் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது. ஒரு மனிதன் தன்னந்தனியாக இப்படி ஒரு முடிவுக்கு வருவதை அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கவனித்தார்.

தையற்காரர் கல்யாணப் புடவையில் வந்தார். “அப்பா, மணமகன் எங்கே?” என்று கேட்டார். பெண்கள் பக்கத்தில் விசும்பல் கிளம்பியது. அந்தக் கேள்வி அத்தனை பேருக்கும் எங்கேயோ பட்டுவிட்டது. எனக்கு உண்மையிலேயே கால் நடுங்கியது. என்னைப் பெண்ணுக்குப் பார்க்க வந்தவர் முன்னால் நான் மகளுக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லை, வசனம் அப்படி. மரக்கத்தியை ஓங்கினேன். “வேண்டாம்லே” என்று யாரோ கத்தினார்கள். வெட்டினேன். தையற்காரர் விழுந்தார்.

அப்போது கச்சான் நின்றது.

ஆடிக்காற்று சில நாள் இருட்டின பிறகு சட்டென்று விழுந்துவிடும், அதில் அதிசயமில்லை. ஆனால் அதற்கு வேறு நேரம் கிடைக்கவில்லை. மகள் செத்ததும் காற்று பொங்கி வர வேண்டும், பாய் புடைக்க வேண்டும் என்பது நாடகம். பின்னால் கப்பல் பாயை ஏற்றினார்கள். அது ஈரத்துணி மாதிரித் தொங்கியது. நான் அதன் முன்னால் நின்று, “வந்தது காற்று!” என்றேன். பஞ்சுத் துணுக்குகூட அசையவில்லை.

“காத்துக்காவ வெட்டினான். இருந்த காத்தும் போச்சு” என்றார் தண்டல். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. காற்று நின்றதால் எல்லாருக்கும் கேட்டது.

பெட்ரோமாக்ஸைத் தணித்தோம். நாடகம் முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. அத்தனை தலையும் மேலே சங்கிலியைப் பார்த்தபடி இருந்தது. கைக்குழந்தைகளுக்குக்கூட மேலே காட்டிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் முன்னால் வந்து கும்பிட்டு, நாடகம் நிறைவுற்றது என்றார். தண்டல் எழுந்தார்.

“சார்வாள், அந்தப் பிள்ளை என்ன ஆச்சு?”

“இறந்துவிட்டாள்.”

“அது தெரியுது. சம்மனசு எப்ப வரும்?”

“வராது. இது டிராஜடி. இதில் யாரும் வந்து காப்பாற்ற மாட்டார்கள். அதில்தான் இதன் உயர்வு இருக்கிறது.”

தண்டல் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். “ஒரு பச்சப் பிள்ளைய பெத்த தகப்பனே வெட்டுதான். வானத்துலருந்து ஒருத்தரும் எறங்கலை. பூமியில இத்தன பேரு பாத்துக்கிட்டு இருக்கோம். அப்படியே எந்திரிச்சி வீட்டுக்குப் போகச் சொல்லுதீரா?”

வாத்தியார், “ஆமாம்” என்றார். மனப்பூர்வமாகச் சொன்னார், பாவம்.

அதற்குப் பிறகு நாடகம் எங்கள் கையில் இல்லை. தண்டல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடையேறினார். பின்னாலேயே தோணி ஆட்களும் துறைமுகத்து மூட்டை ஆட்களும். ஒருத்தன் சுவரேறி, உத்தரத்தில் தொற்றிப்போய், சங்கிலிச் சிக்கை எடுத்தான். யாரோ கருப்பட்டி வண்டியிலிருந்து மசகு கொண்டுவந்தார்கள். தண்டல் செத்துக் கிடந்த தையற்காரரின் அக்குளில் கயிறு கொடுத்துத் தோணி முடிச்சு ஒன்று போட்டார். தையற்காரர் கண்ணை விழித்து, “அண்ணாச்சி, நான் இறங்கி வீட்டுக்குப் போறேன்” என்றார். “மோட்சத்துக்குப் போம் ஓய்” என்று கொக்கியை மாட்டிவிட்டார் தண்டல்.

ஐலசா போட்டு இழுத்தார்கள். கப்பி கிறீச்சிட்டது. புடவையோடு தையற்காரர் எழும்பினார். பெண்கள் முழங்காலில் விழுந்து மாதா பாட்டைத் தொடங்கினார்கள்; கான்ஸ்டபிள்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பாதி உயரத்தில் சங்கிலி சிக்கிக்கொண்டது. மேலும் போகவில்லை, கீழும் வரவில்லை. மோட்சத்துக்கும் பஞ்சு பிரஸ்ஸுக்கும் நடுவில் தையற்காரர் மெதுவாகச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் தன் பிள்ளைகள் ஐந்து பேரின் பேரையும் சொல்லி அழுதார். அந்த அழுகையைப் போல ஒன்றைப் பக்தி இல்லாதவனால் அழ முடியாது என்று ஊரே பின்னால் சொன்னது. தீயணைக்கிற ஏணி வரும்வரை பாட்டு நிற்கவில்லை.

வாத்தியார் புகைபோக்கியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “அசடுகள் சேர்த்தது” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மாமா தண்டல் வீட்டுக்குப் போய் வந்தார். “மகள வெட்டுதவனுக்கு என் மகளக் கொடுக்க மாட்டேன்” என்று பதில். அது வேஷம் அண்ணாச்சி என்று மாமா கெஞ்சியிருக்கிறார். “வேஷத்துலகூட ஒருத்தன் அப்படிச் செய்வானா? கை எப்படி வரும்?” என்றாராம். மாமாவோடு போயிருந்த அத்தை, பெண்கள் பக்கத்துச் செய்தி ஒன்று கொண்டுவந்தாள். தண்டல் மகள், “ராசாவுக்குக் காலு ஏன் அப்படி நடுங்கிச்சு?” என்று கேட்டாளாம். அதை வைத்துக்கொண்டு நான் பல நாள் சாப்பிட்டேன், தூங்கினேன். நாடகத்தில் என் காலைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

கச்சான் முடிந்தது. தோணிகள் கடலில் இறங்கின. தண்டலுடைய தோணி இறங்கவில்லை. சரக்கெல்லாம் ஸ்டீமருக்குப் போய்விட்டது. உப்பு வியாபாரிகள் வீட்டு வாசலில் அவர் நிற்பதைப் பார்த்தேன். எங்கள் ஆபீஸுக்கும் வந்தார், என்னைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டுப் போனார். வாடை பிறந்தது, கொழும்புக்கு ஓட அருமையான காற்று. தோணி மணலில் சாய்ந்து கிடந்தது. பலகை வெடித்தது. ஆட்கள் வேறு தோணிக்குப் போய்விட்டார்கள்.

ஜனவரியில், மூன்று ராசாக்கள் திருநாள் கழிந்த ஞாயிறு கோவிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். அவள் பேர். மாப்பிள்ளை கொழும்பில் மொத்த வியாபாரம் செய்கிற நம்மூர்க்காரர். சம்சாரத்தை இழந்தவர், அவர் மூத்த மகளுக்கு அவளை விட வயசு கூட. வருஷம் முழுக்கத் தோணிக்குச் சரக்கு அவர் பொறுப்பு என்று பேச்சு. கல்யாணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடவார்கள் என்று சாமியார் சொல்லி நிறுத்தினார். கோவில் நிறைய ஜனம். ஐலசா போட்டவர்கள் இருந்தார்கள். மாதா பாட்டுப் பாடியவர்கள் இருந்தார்கள். உத்தரத்தில் தொற்றிப்போனவன்கூட எனக்கு முன்வரிசையில் இருந்தான். யாரோ இருமினார்கள். அடுத்த ஞாயிறும் வாசித்தார்கள், அதற்கடுத்த ஞாயிறும் வாசித்தார்கள். கிழட்டு மாப்பிள்ளை என்பது திருச்சபைக் கணக்கில் தடை இல்லை. அவள் நாலாவது வரிசையில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். 

கல்யாணச் சாப்பாடு பிரமாதம் என்று கேள்வி. புதுச்சட்டைகளெல்லாம் நம் தையற்காரர் தைத்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் ரயிலேறித் தனுஷ்கோடி வழியாகக் கொழும்புக்குப் போனார்கள். அவளுடைய பெட்டி மட்டும் தோணியில்.

அதை ஏற்றுகிற அன்று ஆபீஸ் வேலையாக நான் துறைமுகத்துச் சரக்குப் பாலத்தில் இருந்தேன். உப்பு மூட்டைகள் தோணிக்குள் இறங்கி முடிந்து, கடைசியாக அவள் தகரப்பெட்டி. ரோஜாப்பூப் போட்ட பச்சைப் பெட்டி. கயிறு கொடுத்துப் பாரந்தூக்கியின் கொக்கியில் மாட்டி மேலே தூக்கினார்கள். சங்கிலி நன்றாக ஓடியது, எங்கேயும் சிக்கவில்லை. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பெட்டி தோணிக்குள் இறங்கிய பிறகும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஆள் வந்து நிற்பது தெரிந்தது. தண்டல். புதுத் துண்டு, முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது.

“தம்பி, ஒண்ணும் மனசுல வச்சிக்கிடாதேயும்” என்றார். “அன்னைக்கு நீரு நல்லாத்தான் நடிச்சீரு. கத தான் நமக்கு ஒப்பலை. பெத்த தகப்பன் அப்படிச் செய்வானா?”

 அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. விரலை நனைத்து வாடையில் நீட்டிப் பார்த்தார்.

“காத்து நல்லாருக்கு. பாய ஏத்துங்கலே” என்றார்.